வால் பக்கத்து ஜோடி சீட்டு

தென்காசி பஸ் ஸ்டாண்டில் முப்பிடாதி என்று ஒருவன் இருந்தான். பஸ்ஸில் சீட்டுப் பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். ‘இதெல்லாம் ஒரு தொழிலா?’ என்று முகம் சுளிக்கிறவர்கள், குற்றாலத்துச் சாரல் நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெண்டாட்டி பிள்ளைகளோடும் ஈரத்துணி மூட்டையோடும் மதுரை பஸ்ஸுக்குக் காத்து நின்று பார்க்க வேண்டும். பஸ் உள்ளே திரும்பும்போதே இருநூறு பேர் அதன் மேல் போய் விழுவார்கள். ஜன்னல் வழியாகத் துண்டு போகும், குடை போகும், செருப்பு போகும். ஒரு தடவை ஒரு கைக்குழந்தையே போனது. தகப்பன் அதைச் சீட்டில் கிடத்திவிட்டு வாசல் பக்கம் ஓடினான். என் கண்ணால் பார்த்தேன்.

நான் அந்த ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு இருபத்திரண்டு வருஷம் டைம்கீப்பராக இருந்தவன். பெயர் செல்லச்சாமி. கோபக்காரன், வாய் நீளம் என்று பெயர் வாங்கியவன். அது பொய்யில்லை. பிந்தி வந்த டிரைவரை நான் பிடித்துக்கொண்டால், எதிரே டீ ஆற்றுகிறவன் கை அந்தரத்தில் நின்றுவிடும். முப்பிடாதியிடம் மட்டும் என் வாய் அதிகம் நீண்டதில்லை. தன் வேலையில் அவன் என்னைவிடக் கறாரானவன்.

அவனுக்குச் சொந்த ஊர் ராயகிரி. வானம் பார்த்த பூமி கொஞ்சம் இருந்தது. மூன்று வருஷம் மழை பொய்த்ததும் பெண்டாட்டி பாலம்மாளைக் கூட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்துவிட்டான். முதலில் மூட்டை தூக்கினான். ஒடிசலான உடம்பு, மூட்டைக்கு லாயக்கில்லை. ஆனால் பஸ் ஜன்னலுக்கு லாயக்கு. ஓடுகிற பஸ்ஸில் ஒரு காலை டயர் மேல் வைத்து, ஜன்னல் கம்பிக்கு மேலே இருக்கிற இடைவெளியில் பல்லி மாதிரி நுழைந்துவிடுவான். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளே இரண்டு துண்டு விரித்திருக்கும்.

நுழைகிறது யாருக்கும் வரும். எந்தச் சீட்டு என்பதுதான் விஷயம். அதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. டயருக்கு மேல் உள்ள சீட்டைத் தொடமாட்டான், முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். வாசலுக்கு எதிர் சீட்டும் ஆகாது, ஏறுகிறவன் கூடையெல்லாம் தலையில் இடிக்கும். கடைசி சீட்டு பற்றிப் பேசவே கூடாது. "பின்னாடி உக்காந்து போறதுக்கு நடந்தே போயிரலாம். பள்ளத்துல வண்டி எறங்குச்சுன்னா குடலு வாய்க்கு வந்துரும்" என்பான். வாந்தி எடுக்கிறவர்களுக்கு ஒரு சீட்டு, பிள்ளைத்தாச்சிக்கு ஒரு சீட்டு, சண்டை போட்டுக்கொண்டு வரும் புருஷன் பெண்டாட்டிக்கு மூன்று பேர் சீட்டு, நடுவில் பிள்ளையை உட்கார வைக்க.

வெயில் கணக்கும் உண்டு. திருநெல்வேலி பஸ் கிழக்கே போகிறது. ஆனி ஆடியில் வலப்பக்கம் நிழல், மார்கழி தையில் இடப்பக்கம் நிழல். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன் இதையெல்லாம் எங்கே கற்றான் என்று கேட்டால், "வேர்த்துப் போய் எறங்குதவங்க மூஞ்சியப் பார்த்துக் கத்துக்கிட்டேன் அண்ணாச்சி" என்பான். சீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த வளைவில் குதித்து விடுவான். அவன் உட்கார்ந்து பயணம் போய் நான் பார்த்ததில்லை.

அவனுடைய நிரந்தர வாடிக்கை ராமசேஷன் தம்பதி. ராமசேஷன் தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. அவருக்கு இழுப்பு நோய். மாதம் ஒரு தடவை திருநெல்வேலிக்கு டாக்டரிடம் போய் வருவார். தனியாகப் போக முடியாது, வழியில் மூச்சு முட்டினால் முதுகைத் தடவி மருந்து கொடுக்க ஆள் வேண்டும். அதனால் அவருடைய சம்சாரம் பிருஹதாம்பாள் கூட வருவாள்.

அந்த அம்மாள் மடி ஆசாரத்தில் நெருப்பு. அந்நிய ஆண்பிள்ளை தோள் பட்டுவிட்டால் வீட்டுக்குப் போய்த் தலை முழுகுவாள். தோள் படாவிட்டாலும், ஒரே பெஞ்சில் வேறு ஒருவன் உட்கார்ந்திருந்தாலே அவளுக்குத் தீட்டுதான். ஒரு தடவை மூன்று பேர் சீட்டில் யாரோ வந்து உட்கார்ந்தான் என்று எழுந்து, ஆலங்குளம் வரை நின்றுகொண்டே போனாள். ஆகவே அவர்களுக்கு ஜோடி சீட்டுதான் வேண்டும். ஜன்னலோரம் அம்மாள், இந்தப் பக்கம் ஐயர், மூன்றாவது ஆளுக்கு இடமே கிடையாது. வெயிலடித்தாலும் பரவாயில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு மாதம்கூட முப்பிடாதி அந்த ஜோடி சீட்டைத் தவற விட்டதில்லை.

எண்பத்திரண்டு சித்திரையில் ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும். ராமசேஷன் என் அறைக்குள் வந்து, மூச்சு அடங்கும் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். வயிறு பெருத்த மீன் மாதிரி ஒரு படம். மீனுக்குள்ளே சின்னச் சின்னக் கட்டங்கள்.

"கல்யாணராமன் அனுப்பியிருக்கான்" என்றார். "ஜம்போ ஜெட். பம்பாயில் ஏறினா, லண்டனில் ஒரு தடவை நின்னு, நியூயார்க். எந்த சீட் வேணும்னு பார்த்து எழுதுங்கோ, ஏஜெண்டிடம் சொல்லி வாங்கி வைக்கறேங்கறான். முப்பிடாதியைக் கூப்பிடும். அவன் பிடிக்காத சீட்டில் நான் உக்காந்ததில்லை."

கல்யாணராமன் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய ஒரே பிள்ளை. திருநெல்வேலியில் பாங்க் வேலை கிடைத்திருந்ததை உதறிவிட்டு, எழுபத்தொன்றில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவன். அன்றைக்கு வாசலில் நின்று ராமசேஷன், "போறதானா போ. மறுபடியும் இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். அவன் மிதிக்கவில்லை. அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் வரும். அப்பாவுக்கு ஒரு வரி கிடையாது. போன தை மாதம் டாக்டர் நுரையீரல் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிய பிறகு, ராமசேஷன் தானே முதல் தடவையாக எழுதினார், நான் வருகிறேன் என்று.

"அவனையே வரச்சொல்லி எழுதக் கூடாதா சாமி? இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு நீங்க எதுக்கு அலையணும்?" என்று முப்பிடாதி உள்ளே வந்ததும் கேட்டான்.

"ஆத்துல அவளும் அதைத்தான் கேக்கறா. வராதேன்னது என் வாய், முப்பிடாதி. வாடான்னு சொல்றதும் இந்த வாயாத்தான் சொல்லணும். காகிதத்துல எழுதினா அது அவனுக்குப் பத்தாது. எனக்குத் தெரியும், அவன் என்னை மாதிரி. ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லிட்டு வந்துட்டேன்னா போதும்."

முப்பிடாதி குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து தாளை என் மேஜையில் வைத்துக் குனிந்தான்.

"சாமி, இது எத்தனை பேரு போற வண்டி?"

"நானூறு பேர்ங்கறான்."

"ஏ அம்மாடி! நம்ம ஸ்டாண்டையே தூக்கிட்டுப் போயிரலாமே. நின்னுக்கிட்டு வர்றவங்க உண்டா?"

"நிக்க விடமாட்டான்."

"அப்பம் பாதிக் கஷ்டம் கழிஞ்சுது. டயரு எங்கன இருக்கு?"

"நடு வயித்துக்கு அடியில். மேலே கிளம்பினதும் மடக்கி உள்ளே இழுத்துக்குமாம்."

"உள்ள இழுத்தாலும் சத்தம் இருக்கும்லா" என்று நடு வரிசைகளை எல்லாம் விரலால் தள்ளினான். மூக்குப் பக்கம் காசுக்காரர்கள் சீட்டு என்றார் ராமசேஷன். அதையும் தள்ளினான். மீதியை வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு போனவன் முகம் வாடிவிட்டது. ஜன்னலை ஒட்டி மூன்று, நடைபாதை, நடுவில் நான்கு, மறுபடி நடைபாதை, மறுபடி மூன்று. எங்கே பார்த்தாலும் அப்படித்தான்.

"ஜோடி சீட்டே இல்லையே சாமி! அம்மா எப்படி வருவாங்க?"

"அதுதான் விஷயம். மூணாவதா ஒருத்தன் உக்காந்தா அவனைத் தாண்டித்தான் எழுந்து போகணும், வரணும். முட்டி உரசும். இருபது மணி நேரம். அவ வரமாட்டேன்னுட்டா. அவ இல்லாம நான் எப்படிப் போறது?"

எனக்கு எரிச்சல் வந்தது. ஊர் உலகமெல்லாம் பறக்கிறது, இந்த அம்மாளுக்கு மட்டும் ஆகாயத்திலும் தீட்டா என்று கேட்க நாக்கு துடித்தது. பெரியவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். முப்பிடாதி விடவில்லை. விரலைக் கட்டம் கட்டமாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனான். மீனின் வால் பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"சாமி, இங்கன பாருங்க! வாலு சிறுக்குதுல்லா? மூணு கட்டம் ரெண்டாவுது!"

நானும் குனிந்து பார்த்தேன். உண்மைதான். கடைசி சில வரிசைகளில் மட்டும் ஜன்னலை ஒட்டி இரண்டே இரண்டு சீட்டு. நானூறு சீட்டில் அதைக் கண்டுபிடித்தவனை என்ன சொல்வது! ராமசேஷன் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். ஆனால் முப்பிடாதிக்கு மனசு ஒப்பவில்லை.

"கடைசி சீட்டுன்னு என் வாயால யாருக்கும் சொன்னதில்லயே சாமி."

"ஆகாசத்துல பள்ளம் ஏதுடா? எனக்கு ஒரே பயம் புகைதான். பஸ்ஸில் பின்னாடி உக்காந்தா சைலன்சர் புகை ஏறி உடனே இழுக்க ஆரம்பிச்சுடும்."

முப்பிடாதி யோசித்தான். "ஜன்னலு தொறக்குமா?"

"திறக்காது. அடைச்சு வச்ச கண்ணாடி."

"பொறவு பொகை எப்படி சாமி உள்ள வரும்?"

அங்கே நான் சும்மா இருந்திருக்கலாம். எந்தப் பேச்சிலும் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. "பீடி, சிகரெட்டுப் புகைகூட இருக்காதுய்யா" என்றேன். "நம்ம ஓட்டை பஸ்ஸிலயே புகைபிடிக்காதீர்னு எழுதிப் போட்டிருக்கு. அத்தனை பெட்ரோலைக் கட்டிக்கிட்டு வானத்துல போறவன் தீப்பெட்டியைத் தொட விடுவானா?" மூன்று பேரும் சிரித்தோம். மேற்கே போகிற வண்டி, வலப்பக்கம்தான் நிழல் என்று முப்பிடாதி சொல்ல, வலப்பக்கத்து ஜோடியில் ராமசேஷன் பேனாவால் வட்டம் போட்டார்.

வைகாசியில் ரயிலேறினார்கள். முப்பிடாதி பெட்டிகளை ஏற்றிவிட்டு வந்தான். அம்மாள் புளியோதரையும் தண்ணீர்ச் செம்புமாக, "ஜோடி சீட்டுதானே, நிச்சயம்தானே?" என்று அவனிடம் மூன்று தடவை கேட்டாளாம். அந்தப் பூரிப்பில் அவன் ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். "அமெரிக்காவுக்கே சீட்டுப் பிடிச்சுக் கொடுத்துட்டம்லா!" டீக்கடைக்காரன் அவனை "ஏரோப்ளேன் முப்பிடாதி" என்று கேலி செய்தான். அவனுக்கு அது பிடித்திருந்தது.

ஆனி பிறந்தது. ராமசேஷனின் அண்ணன் மகன் விஸ்வேஸ்வரன் ஒரு நாள் மத்தியானம் என் அறைக்கு வந்தான். தலை சவரம் செய்திருந்தது. பார்த்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டேன். முப்பிடாதியும் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றான்.

பம்பாயில் ஏறி இரண்டு மூன்று மணி நேரத்திலேயே சித்தப்பாவுக்கு இழுப்பு கண்டுவிட்டது என்றான் விஸ்வேஸ்வரன். லண்டன் வரை சமாளித்தாராம். அதற்கப்புறம் முடியவில்லை. நியூயார்க்கில் விமானத்திலிருந்து ஸ்ட்ரெச்சரில்தான் இறக்கினார்கள். நேரே ஆஸ்பத்திரி, தொண்டைக்குள் குழாய். கல்யாணராமன் பக்கத்திலேயே இருந்தான். இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வாயை வாயை அசைத்தார். குழாய் இருக்கும்போது சத்தம் எப்படி வரும்? எழுதச் சொல்லிப் பென்சிலைக் கொடுத்தால் வேண்டாம் என்று தலையை ஆட்டினாராம். நாலாம் நாள் போய்விட்டார்.

முப்பிடாதி மெதுவாக, "சாமி, நாம சொன்ன சீட்டு கெடச்சுதா?" என்று கேட்டான். விஸ்வேஸ்வரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மனுஷன் போயிட்டாருங்கறேன், சீட்டு கிடைச்சுதாங்கறே! கிடைச்சுது. வால் பக்கத்து சீட்டேதான் கிடைச்சுது" என்று எழுந்து போனான். எனக்கு முப்பிடாதியின் கேள்வி தப்பாகப் படவில்லை. அவனுக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி அதுதான்.

அந்தச் சாரல் முடிவதற்குள் பரீது துபாயிலிருந்து வந்தான். கடையநல்லூர்க்காரன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை டேப் ரிக்கார்டரும் சென்ட் வாசனையுமாக வந்து இறங்குவான். பஸ்ஸுக்குக் காத்திருந்தவனிடம் முப்பிடாதி டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தான். ஏரோப்ளேனில் வால் பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டான்.

"வாலா? நமக்கு அங்கனதான அண்ணாச்சி கச்சேரியே!" என்று பரீது சிரித்தான். "பின்பக்கம் பூரா சிகரெட்டு பார்ட்டி. பிடிக்காதவனுக்கு முன்னாடி சீட்டு, பிடிக்கிறவனுக்கு வால் சீட்டு. நான் கேட்டு வாங்கி அங்கனதான் உக்காருவேன். முன்னாடி சீட்டுக்காரன்கூட எந்திரிச்சு வந்து நின்னு ஊதிட்டுப் போவான். அடுப்படி மாதிரி இருக்கும்."

"வானத்துல பத்த வைக்க விடுதானா?"

"விடுதானாவா? சீட்டுக் கைப்பிடியிலயே சாம்பல் கிண்ணம் வச்சிருக்கான் அண்ணாச்சி!"

பரீதுக்கு ஒன்றும் தெரியாது. டீயைக் குடித்துவிட்டுக் கடையநல்லூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். நான் என் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். முப்பிடாதி என் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. ‘நீரும்தானே சொன்னீர்’ என்று அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நானாகவே ‘ஏலே, சிகரெட்டுப் புகை இருக்காதுன்னு சொன்னது நான்தாம்லே’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஊரையெல்லாம் திட்டுகிற வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. மதுரை பஸ் உள்ளே வந்தது. ஒரு குடும்பம் அவனிடம் சொல்லி வைத்துக் காத்திருந்தது. அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

அதோடு சரி. எண்பத்தாறில் மஞ்சள் காமாலையில் சாகும் வரை முப்பிடாதி யாருக்கும் சீட்டுப் பிடித்துக் கொடுக்கவில்லை. மறுபடியும் மூட்டை தூக்கினான். யாராவது பழைய நினைப்பில் வந்து கேட்டால், "நின்னுக்கிட்டே போங்க. நின்னா உயிரா போயிரும்?" என்பான். அப்படிச் சொல்லும்போது அவன் குரலில் கோபம் இருக்காது.

பாலம்மாள் ஒரு நாள் என்னிடம் வந்து அழுதாள். "சோறே எறங்க மாட்டேங்குது அண்ணாச்சி. உருட்டி வச்ச உருண்டையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. ‘அவரு மகங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப் போனாரு, நான் அவரு வாய அடைச்சிட்டேன்’னு அதையே சொல்லுதாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு. நீங்க எடுத்துச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, விதி, ஆயுசு முடிந்தால் மல்லாக்கப் படுத்திருந்தாலும் போகும், அது இது என்று என்னவோ உளறினேன். என்னுடைய பங்கை அப்போதும் சொல்லவில்லை. அவன் தலையாட்டிவிட்டுப் போனான். சண்டாளன் நான்.

எண்பத்து மூன்று மாசி. குற்றாலத்தில் தண்ணீர் நூலாக விழுகிற நேரம், கூட்டமே கிடையாது. காலை எட்டரை மணி குற்றாலம் பஸ்ஸில் ஏழெட்டுப் பேர்தான். விஸ்வேஸ்வரன் மஞ்சள் துணி கட்டிய ஒரு செப்புக் கலசத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். பின்னால், இத்தனை மாதம் பிள்ளையிடம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த பிருஹதாம்பாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. பாதியாகியிருந்தாள். கலசத்தோடு அவன் டிரைவருக்குப் பின்னால் உட்கார, அவள் நாலு வரிசை தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆற்றங்கரையில் சாஸ்திரிகள் காத்திருக்கிறார், சித்தப்பா அஸ்தியைக் கரைக்க வேண்டும் என்று விஸ்வேஸ்வரன் சொன்னான். கல்யாணராமன் வரவில்லையா என்று கேட்டேன். அவன் கலசத்துத் துணியின் முடிச்சைச் சரிசெய்தான்.

முப்பிடாதி ஒரு சாக்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து, அவள் ஜன்னலுக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நானும் ஏதோ கையெழுத்து வாங்குகிற பாவனையில் பக்கத்தில் போனேன்.

"அம்மா" என்றான். "அம்மா, அந்தச் சீட்டை நான்தான..." என்று தொடங்கி, துண்டை வாயில் வைத்துக்கொண்டான்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அவன் இல்லம்மா" என்றேன். "பீடி சிகரெட்டுப் புகை இருக்காதுன்னு சொன்னது நான். பெரிய அறிவாளி மாதிரி சொன்னேன். இவன் ஆறேழு மாசமா சோறு தண்ணி இல்லாம அலையுதான். நான் வாயைத் திறக்கல."

முப்பிடாதி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது" என்றாள் அவள். "தெரியாம சொன்னேள். நான் சொல்றதைக் கேளு, முப்பிடாதி. இதை நான் கல்யாணராமன்கிட்டகூடச் சொல்லலை."

டிரைவர் எஞ்சினைப் போட்டான். நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன்.

"லண்டன் தாண்டியாச்சு. இவருக்கு உதடெல்லாம் நீலமாப் போயிடுத்து. அந்த ஏரோப்ளேன்ல வேலை பார்க்கற பொண்ணு ஓடி வந்தா. முன்னாடி புகையில்லாத பக்கம் ஒரு இடம் இருக்கு, அங்கே இருக்கற ஒரு வெள்ளைக்காரர் எழுந்து தரேங்கறார், அவர் சிகரெட் பிடிக்கறவர்தான், இங்கே வந்து உக்காந்துப்பார், இவரை அழைச்சுண்டு போறேன்னா. இவர் எனக்குத் தமிழ்ல சொன்னார். சொல்லிட்டு எழுந்திருக்கப் போனார். நான் கையைப் பிடிச்சுண்டேன். அந்த மனுஷன் வந்து என் பக்கத்துல உக்காருவானேன்னு இவர் கையைப் பிடிச்சுண்டேன், முப்பிடாதி. விடலை. இவர் என் மூஞ்சியைப் பார்த்தார். அந்தப் பொண்ணுகிட்ட வேண்டாம்னு கையைக் காட்டிட்டு உக்காந்துட்டார். இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது."

எனக்கு இந்த அம்மாளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

"கல்யாணராமன் வரலை" என்றாள். "அம்மா, அப்பா வாயைத் தொறந்து வாடான்னு சொல்லலையே, நான் எப்படி அந்த வாசப்படியை மிதிக்கறதுன்னு அழறான். தேடிண்டு வந்ததே கூப்பிட்ட மாதிரிதானேடான்னேன். அவனுக்கு ஆறலை. கலசத்தை எங்கிட்டக் கொடுத்து அனுப்பிட்டான்."

முப்பிடாதி அப்போதுதான் தலையை நிமிர்த்தி, "தனியாவா வந்தீங்க? எந்தச் சீட்டும்மா?" என்று கேட்டான்.

"நடு சீட்டு. நாலு பேர் வரிசையில நடுவுல. இந்தப் பக்கம் ஒரு ஆம்பிளை, அந்தப் பக்கம் ஒரு ஆம்பிளை. கை, தோள், முட்டி, எல்லாம் பட்டுண்டுதான் இருந்தது. தூங்கிப் போய் ஒருத்தன் என் தோள்லயே சாஞ்சுட்டான். இருபது மணி நேரம் அப்படியே கலசத்தைக் கட்டிண்டு உக்காந்து வந்தேன்." அவள் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆகலை, முப்பிடாதி. எனக்கு ஒண்ணுமே ஆகலை."

முப்பிடாதி பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போய் வாசல் வழியாக ஏறினான். அவளுக்கு எதிர் வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் தன் பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காரு" என்றாள். அவன் உட்கார்ந்தான். பஸ் கிளம்பி இலஞ்சி ரோட்டில் திரும்பும் வரை நான் வெயிலில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.